ஏழாவது தட்டு

உள்ள வாம்மா. செருப்பை உள்ளயே விடு, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். அந்தச் சேர் வேணாம், ஸ்ப்ரிங் குத்தும். இப்படி உக்காரு. பாஷ்யம் பொண்ணுன்னு நீ சொல்லவே வேணாம், நெத்தியைப் பாத்தாலே தெரியுது. பத்மஜா தானே? உன் கல்யாணத்துக்குக்கூட பத்திரிகை வந்துச்சு. நான் வரல.

நேத்து போன்ல நீ சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. ஸ்ட்ரோக்கு. வலது பக்கம் வேலை செய்யல, பேச்சு இல்ல. இடது கையால கட்டில் கம்பில தட்டிக்கிட்டே இருக்கான். தட்டித் தட்டி ஒரு எடத்துல நிறுத்திட்டு வாசப்பக்கம் பாக்கறான், யாரோ வரணுங்கற மாதிரி. யாரும் வரலன்னா மறுபடி மொதல்ல இருந்து தட்டறான். டாக்டர் கையை விரிச்சிட்டாரு, இன்னும் கொஞ்ச நாள்தான். நீ எங்க பழைய பேண்டு ரெக்கார்டைப் போட்டுக் கேட்டு, அவன் நிறுத்தற எடத்துல ஆர்கன் வரணும்னு கண்டுபிடிச்சிருக்கே. அதனால இந்த அங்கிள் ஒரே ஒரு தடவை வந்து அவன் பக்கத்துல உக்காந்து வாசிக்கணும். அவ்வளவுதானே?

வர மாட்டேன்மா.

கோவமெல்லாம் கிடையாது. போனை வச்சிட்டு அது பக்கத்து ஸ்டூல்லயே உக்காந்திருந்தேன். பாஷ்யம் சாகப்போறானாம், ஏதாவது தோணுதான்னு எனக்கே ஒரு யோசனை. ஒண்ணும் தோணல. அப்புறம் எழுந்து போய் இட்லிக்கு ஊறப் போட்டேன்.

டீ குடி. சர்க்கரை கம்மியா இருந்தா சொல்லு.

என்ன தப்பு பண்ணாரு எங்கப்பான்னு நேத்து கேட்டியே, சொல்றேன். உங்கப்பன் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான். எப்படிச் சொல்வான்? தப்பு அவன் பேர்ல.

அப்ப மெட்ராஸ்ல பேண்டுக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒண்ணு. ஆனா எல்லாப் பயலும் வெள்ளைக்காரன் பாட்டைக் காதால கேட்டு அப்படியே திருப்பி வாசிக்கறவனுங்க. நாங்க மூணு பேரு சொந்தமா போட்டோம். நான் வேப்பேரி, எங்கப்பா சர்ச்ல ஆர்கன் வாசிக்கறவரு. உங்கப்பன் திருவல்லிக்கேணி, மிருதங்கம் கத்துக்கிட்டு காலேஜ் வந்ததும் ட்ரம்ஸ்ல ஏறி உக்காந்தவன். கிட்டாருக்கு டெரிக், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன், பின்னாடி ஆஸ்திரேலியா போய் அங்கேயே செத்துட்டான். டெரிக் வீட்டுக்குப் பின்னாடி ரயில்வே சைடிங், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தற தண்டவாளம். அங்க மூணாவது லைனை ஒட்டி ஒரு ஷெட்ல பயிற்சி. அதனால பேண்டு பேரு 'தேர்ட் சைடிங்'. ரயில் போனா நிறுத்திடுவோம், போனதும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்போம். கரெக்டா ஆரம்பிப்போம்.

ப்ராக்ரெஸிவ் ராக்கு. அப்படின்னா என்னன்னு எங்கப்பா கேட்டாரு. பாட்டு சீக்கிரம் முடியாதுப்பான்னு சொன்னேன். உண்மைதானே? மத்தவன் பாட்டு நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும். எங்களுக்கு நாலு நிமிஷத்துக்கு அப்புறம்தான் பாட்டே ஆரம்பிக்கும். ஒரு தடவை எழும்பூர்ல ஒரு ரிசப்ஷன்ல வாசிச்சோம். சாப்பிடப் போனவங்க சாப்பிட்டு, கை கழுவி, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்து உக்காந்தாங்க. அதே பாட்டு ஓடிட்டிருக்கு. பொண்ணோட சித்தப்பா மேடைக்கு வந்து, "தம்பி, இது முடியுமா, இல்ல நாங்க மண்டபத்தை நாளைக்கும் சொல்லிடட்டுமா?"ன்னு கேட்டாரு. பாஷ்யம் வாசிச்சுக்கிட்டே விழுந்து விழுந்து சிரிச்சான். நல்லா சிரிப்பான் உங்கப்பன். எனக்கு அவன் மேல கொள்ளை ஆசை இருந்துச்சும்மா, அப்ப. கூடப் பொறந்தவன் கிடையாது எனக்கு. இவன்தான்னு நெனச்சிருந்தேன்.

ஒரு பழக்கம் அவனுக்கு. எல்லா ட்ரம்மரும் ஜனங்களைப் பாத்து உக்காருவான். இவன் மட்டும் ட்ரம்ஸைத் திருப்பிப் போட்டு என்னைப் பாத்துதான் உக்காருவான். எந்த ஸ்டேஜா இருந்தாலும் சரி. ஆர்கனைப் போடு, அதுக்கு எதிர்ல என்னைப் போடுன்னு மேடைக்காரங்ககிட்ட சண்டை போடுவான். ஏன்டா என் மூஞ்சில என்ன இருக்குன்னா, "மூஞ்சியை யாருடா பாக்கறா? உன் வலது முழங்கையைப் பாக்கறேன்"னுவான். நான் பாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி முழங்கை லேசா மேல ஏறுமாம். ஏறிட்டுப் போகட்டும், அதை நீ ஏன்டா பாக்கறே? அதுக்குக் குச்சியைச் சுத்திக்கிட்டே சிரிப்பான்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் கண்ணை மூடிட்டுத்தான் வாசிப்பேன். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். கண்ணை மூடினாத்தான் எனக்குக் கணக்கு கரெக்டா ஓடும். எங்கப்பாகூட சாகற வரைக்கும் பக்கத்துல உக்காந்து தோளைத் தட்டிக்கிட்டே இருப்பாரு. "பொறு, பொறு, பொறு." வயசாயிடுச்சு அவருக்கு. வயசானா எல்லாமே மெதுவாத் தோணும்.

சரி, ரெக்கார்டுக்கு வரேன்.

எல்பி ஒண்ணுதான் போட்டோம். பேரு 'சிக்னல்'. அதுல ரெண்டாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, நீ கேட்டது அதுதான். நடுவுல ஒரு எடம் வரும். நானும் டெரிக்கும் நிறுத்திடுவோம், பாஷ்யம் மட்டும் தனியா வாசிப்பான். ஏழு ஏழா போகும். தகிட தகதிமி, தகிட தகதிமி. எண்ணிப் பாரு, ஏழு. அப்படி எட்டு சுத்து. எட்டாவது சுத்து முடிஞ்சதும் அடுத்த மொதத் தட்டுல மூணு பேரும் ஒண்ணா விழணும். அந்த ஒரு எடத்துக்காகத்தான் அந்தப் பாட்டே. அதை நான்தான் போட்டேன். ஷெட்ல மாசக்கணக்கா வாசிச்சிருக்கோம்.

ஸ்டூடியோ கோடம்பாக்கத்துல. சினிமாக்காரங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் புக் ஆயிருந்துச்சு, தெரிஞ்சவர் ஒருத்தரு காலைல மட்டும் எங்களுக்கு விட்டாரு. மதியம் ரெண்டு மணிக்கு ஏதோ படத்துக்குப் பின்னணி இசை. நாங்க ஒரு பக்கத்தை முடிக்கறதுக்குள்ள வயலின்காரங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. டிபன் கேரியரோட சுவரை ஒட்டி வரிசையா நின்னுக்கிட்டு, எங்களை ஏதோ பைத்தியத்தைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. டேப்பும் கடைசி ரீலு. இஞ்சினியர் சொல்லிட்டாரு, "ஒரே டேக்கு தம்பிகளா. நின்னா நின்னதுதான்."

ஆரம்பிச்சோம். நல்லாத்தான் போச்சு. பாஷ்யம் தனியா வாசிக்கற எடம் வந்துச்சு. நான் கண்ணை மூடி எண்ணிட்டிருக்கேன். ஒண்ணாவது சுத்து, ரெண்டாவது சுத்து... ஏழாவது சுத்து வரைக்கும் சுத்தம். எட்டாவதுல என்ன பண்ணான் தெரியுமா? தகிட தகதி. அவ்வளவுதான். கடைசித் தட்டைக் காணோம். ஆறுதான் வாசிச்சான். ஏழாவதை முழுங்கிட்டான்.

அவன் முழுங்கினதோட மூணு பேரும் ஒண்ணா விழுந்தோம். வாசிச்சு முடிச்சோம். சிவப்பு லைட்டு அணைஞ்சதும் கேட்டேன், யாருடா ஒண்ணை முழுங்கினது? டெரிக் என்னைப் பாத்தான், அப்புறம் பாஷ்யத்தைப் பாத்தான். பாஷ்யம் துண்டால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே என்கிட்ட சொன்னான், "என் தப்புதான்டா சீலா. கை வழுக்கிடுத்து." உடனே டெரிக் சிரிக்க ஆரம்பிச்சான் பாரு, நிக்க முடியாம தரையில உக்காந்துட்டான். எனக்குச் சிரிப்பு வரல. இன்னொரு டேக்குன்னேன். வயலின் எல்லாம் சுருதி சேக்க ஆரம்பிச்சாச்சு. இஞ்சினியர் கையைக் காட்டி வெளிய போகச் சொல்லிட்டாரு.

நல்லா கவனி. அவனே சொன்னான், என் தப்புதான்னு. நான் சொல்லல. அவன் வாயால, டெரிக் முன்னாடி, இஞ்சினியர் முன்னாடி.

தப்பு பண்றது மனுஷ சகஜம், அதுக்கு நான் பகை வச்சிக்கற ஆளு கிடையாது. ரெக்கார்டுல விழுந்தது விழுந்துடுச்சு, ஸ்டேஜ்ல ஒழுங்கா வாசிக்க வேண்டியதுதானே? அதுதானே நியாயம்? ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் அதே எடம், அதே ஆறு. பெங்களூர்ல பெரிய கூட்டம், எனக்கே கொஞ்சம் படபடப்பா இருந்துச்சு, அன்னைக்கு அஞ்சுதான் வாசிச்சான்! ரெண்டை முழுங்கிட்டான்! கேட்டா, "என் தப்புதான்டா, விடு." எத்தனை தடவை விடறது? திருவல்லிக்கேணில சின்ன வயசுல இருந்து மிருதங்கம் கத்துக்கிட்டவனுக்கு ஏழு எண்ண வராதா? வேணும்னேதான் பண்றான்னு எனக்கு அப்பத்தான் பட்டுச்சு. என் பாட்டு, நான் போட்ட எடம், அதைக் கெடுத்து வேடிக்கை பாக்கறான்.

அதோட முடிஞ்சது கதை. ஒரு காலேஜ் ஹால்ல கச்சேரி. அன்னைக்கு அவனோட மிருதங்க வாத்தியார் வந்திருந்தாரு, மொத தடவை. ட்ரம்ஸ் வாசிக்கறான்னு கோச்சுக்கிட்டு அவன்கூடப் பேசாம இருந்தவரு. மனசு மாறி, வெள்ளை வேட்டி, விபூதி, மொத வரிசைல உக்காந்திருக்காரு. பாஷ்யத்துக்குத் தலைகால் புரியல. சட்டையைக்கூட இன் பண்ணிக்கிட்டு வந்திருந்தான்.

அந்த எடம் வந்துச்சு. மறுபடி ஆறு. வாத்தியாரை வச்சிக்கிட்டே ஆறு! எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. கையை எடுத்துட்டேன். எழுந்து மைக்குக்குப் போனேன். "ஏழு எண்ணத் தெரியாதவனெல்லாம் ட்ரம்ஸ்ல உக்காரக்கூடாது"ன்னேன். மைக்குலதான். பையன்களெல்லாம் ஓன்னு கத்தினானுங்க. "ஏழு! ஏழு!"ன்னு பெஞ்சைத் தட்டறானுங்க. உங்கப்பன் என்னைப் பாத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா. ஏதாவது ஒரு பதில். குச்சியை ரெண்டையும் மடில வச்சிக்கிட்டுக் குனிஞ்சுட்டான். குற்றவாளி அப்படித்தானே உக்காருவான்?

வாத்தியார் மேடைக்கே ஏறி வந்துட்டாரு. சரி, நல்லா நாலு வாங்கப் போறான்னு பாத்தேன். அவரு என்னைத் தாண்டிப் போய் அவன் முதுகுல தட்டிக் கொடுத்தாரு. தட்டிக் கொடுத்துட்டு, அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. தப்பு பண்ணவனைத் தட்டிக் கொடுக்கற வாத்தியாரை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அதோட பேண்டு முடிஞ்சுது. வருத்தமான்னா, இல்ல. அன்னைக்கு ஆர்கனைத் துணி போட்டு மூடிட்டு வேன்ல உக்காந்தேன், ஒண்ணும் தோணல. பல்லு புடுங்க ஊசி போடறாங்க பாரு, ஒரு பக்கம் மரத்துப் போகும், கன்னத்தைக் கிள்ளினா யார் கன்னமோ மாதிரி இருக்கும். அந்த மாதிரி. சாயங்காலத்துக்குள்ள எறங்கிடும்னு டாக்டர் சொல்வாரு. எனக்கு எறங்கவே இல்ல.

பாஷ்யம் சினிமாவுக்கு வாசிக்கப் போயிட்டான், நல்லாத்தான் இருந்தான்னு கேள்விப்பட்டேன். நான் டயர் கம்பெனில சேந்து ரிட்டையர் ஆனேன். ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஆர்கன். அங்க பாடற கொயரைப் பத்திக் கேக்காதே. எல்லாரும் லேட்டு. நான் ஆரம்பிச்சிடுவேன், ஒருத்தனும் வாயைத் திறந்திருக்க மாட்டான். எத்தனை கொயர் மாஸ்டர் மாறிட்டாங்க, அத்தனை பேர் இருந்தும் லேட்டு. நடுவுல ஒரு லைட் மியூசிக் ட்ரூப்ல கொஞ்ச நாள் இருந்தேன். அங்க தபலாக்காரரும் முழுங்கற ஆசாமிதான். எனக்கு வாய்க்கறதெல்லாம் இப்படி.

ஹெப்சி மட்டும்தான் சரியா வருவா. என் வீட்டுக்காரி. அந்தப் போட்டோல இருக்கா பாரு. கொயர்ல சோப்ரானோ, மேல் ஸ்தாயி பாடறவ. ஆனா பாடறப்ப வரிக்கு நடுவுல மூச்சை முழுசா எடுக்க மாட்டா, அரைகுறையா இழுத்துக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவா. வீட்ல எங்கூட ஜெபத்துக்குப் பாடறப்பவும் அப்படித்தான். ஆஸ்துமாவா இருக்கும்னு பயந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "நெஞ்செல்லாம் நல்லா இருக்கு, எதுக்கு அப்படி மூச்சு விடறீங்க?"ன்னாரு. "இவரோட பாடிப் பழகிடுச்சு டாக்டர்"னா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பொம்பளைங்க டாக்டர்கிட்ட என்னத்தையாவது சொல்வாங்க.

அவ போனப்ப சர்ச்ல நான்தான் வாசிச்சேன். வேணாம், வேற யாராவது வாசிக்கட்டும்னு பாஸ்டர் சொன்னாரு. என் பொண்டாட்டிக்கு நான் வாசிக்காம? அன்னைக்குக் கொயர் ரொம்பத் தடுமாறிடுச்சு. நான் ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். ஹெப்சி இல்ல இல்லையா, அவதான் எல்லாரையும் இழுத்துப் பிடிச்சுட்டிருந்தா போல. எனக்கு ஒரே அவமானமா போச்சு. பாட்டு சந்தி சிரிக்கற நேரத்துல பின் பெஞ்சுல இருந்து ஒரு சத்தம். யாரோ பெஞ்சுக் கட்டையைத் தட்டறாங்க, மெதுவா, என் கூடவே. கொயர் அதைப் பிடிச்சுக்கிட்டு வந்து சேந்துடுச்சு. மொத தடவையா கொயர் லேட்டா வரல. ஆமென் சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தா பாஷ்யம்.

எதுக்கு வந்தான்னு இன்னி வரைக்கும் தெரியல. கூப்பிடவே இல்ல. கல்லறைல கேட் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான், செருப்பைக் கழட்டிட்டு. கழட்ட வேணாம், இது கோயில் இல்லன்னு யாரோ சொன்னாங்க. அப்பவும் போட்டுக்கல. நான் அவனைத் தாண்டித்தான் போனேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒண்ணும் தோணல. கார்ல ஏறிட்டேன்.

பிஸ்கட் எடுத்துக்கோ. சும்மா டப்பாவைப் பாத்துட்டு இருக்கே.

இப்ப ரெண்டு வருஷமா ஒரு கூத்து. வெளிநாட்ல எவனோ எங்க எல்பியை மறுபடி அச்சுப் போட்டு விக்கப் போறானாம். அதுக்காக ஒரு பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான், தாடி வச்சிக்கிட்டு. வந்ததும் என் கால்ல விழாத குறை. சார், அந்த எட்டாவது சுத்துல ஒரு பீட்டை எடுத்தீங்களே, உலகத்துல எவனுக்கும் அந்த யோசனை வரலன்னு ஆரம்பிச்சுட்டான். மாடிப்படி ஏறறப்ப ஒரு படி இல்லாத மாதிரி வயித்துல ஜிலீர்னு இருக்குதாம். ஜப்பான்ல அதை மட்டும் தனியா வெட்டி வச்சிக் கேக்கறானுங்களாம். டேய், நாங்க எடுக்கலடா, ஒருத்தன் முழுங்கிட்டான்டான்னேன். நம்பல. தப்புக்குக் கைதட்டற உலகம்.

ஒண்ணு பண்ணுடா, அந்த ஏழாவது தட்டைத் திருப்பி வைன்னேன். இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியுமே. அந்த ரெக்கார்டுல ட்ரம்ஸ் தனியா இடது பக்க ஸ்பீக்கர்ல, ஆர்கனும் கிட்டாரும் வலது பக்க ஸ்பீக்கர்ல. நல்லா முடியும்னான். இங்கேயே உக்காந்து இடது பக்கத்துல ஒரு தட்டைச் சேத்தான். போட்டுக் கேட்டோம். கேவலமா இருந்துச்சு. அந்த ஏழாவது தட்டு மேலயே ஆர்கன் வந்து விழுது! பாஷ்யம் இன்னும் முடிக்கவே இல்ல, அதுக்குள்ள நான். அந்தப் பையன் ஸ்க்ரீனைப் பாத்தான், என்னைப் பாத்தான், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "விட்டுடலாம் சார், பழசே நல்லா இருக்கு"ன்னான். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? அது கூட்டல் கழித்தல் போடற மெஷின்.

என்ன கேட்டே?

அவரு ஆறோட நிறுத்தினார்னா, நீங்க ஏழு எண்ணிட்டு வந்தீங்கன்னா, ரெண்டு பேரும் எப்படி ஒண்ணா விழுந்தீங்கன்னா? நல்லா கேக்கறே. வக்கீலுக்குப் படிச்சியா?

அது வந்து... அது கடவுள் கிருபைம்மா. வேற என்ன? சில நேரம் அப்படி அமையும். நான் அனுசரிச்சிருப்பேன். வாசிக்கறவனுக்குத்தான் தெரியும், சொன்னாப் புரியாது.

இரு, இரு. சொல்றதை விட காட்டிடறேன். அந்தத் துணியை எடு. இது சர்ச்சுல புதுசு வாங்கினப்ப எனக்குக் கொடுத்த கீபோர்டு. ஸ்விட்ச் உன் பக்கத்துல இருக்கு பாரு, போடு. அந்த பிஸ்கட் டப்பா மூடியைக் கவுத்து மடில வச்சிக்கோ. உனக்குத் தாளம் வருமா? கத்துக்கலையா? உங்கப்பன் சொல்லித் தரலையா? தூங்க வைக்கறப்ப முதுகுல தட்டுவானா? ஏழு ஏழாவா? கொழந்தையை ஏழுல தூங்க வச்ச பயல் அவன் ஒருத்தனாத்தான் இருப்பான். அப்ப போதும். அதையே தட்டு. தகிட தகதிமி. எட்டு சுத்து. நான் வாசிக்காம கேட்டுட்டு, எட்டு முடிஞ்சதும் மொதத் தட்டுல விழறேன். ஏழு முழுசா தட்டணும், சரியா? அப்பத்தான் உனக்கு விளங்கும், நான் எங்க வரேன், உங்கப்பன் எங்க விட்டான்னு.

தட்டு.

ம். ம். நல்லா வருது. அட, அவன் கைதான். அந்த 'கி'ல ஒரு சின்ன அழுத்தம் கொடுக்கறே பாரு, அது அவன் பழக்கம். எனக்கு எப்படி ஞாபகம் இருக்குன்னு பாரேன். மூணு. போ, நிறுத்தாதே. நான் கண்ணை மூடிக்கறேன். அஞ்சு. வாசிச்சு ரொம்ப நாள் ஆச்சு இதை. ஆறு. ஏழாவது சுத்து. இப்ப எட்டாவது...

பாத்தியா! பாத்தியா! கேட்டியா நீயே! எங்க ஏழாவது? தகிட தகதின்னு தட்டிட்டு நேரா என்கூட விழுந்துட்டே! ஆறு! முழுங்கிட்டே நீயும்! இத்தனை படிச்சுப் படிச்சு சொன்னேன், ஏழு முழுசா தட்டுன்னு. அப்படியே அப்பன். ரத்தத்துல இருக்கு உங்களுக்கு. நான் கரெக்டா வந்தேனா இல்லையா? ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தோமா இல்லையா? அதேதான். அன்னைக்கும் அதேதான் நடந்துச்சு.

என்ன, என் கையையே பாத்துட்டு இருக்கே? முழங்கைல ஏதாவது இருக்கா?

என்னது? இன்னொரு தடவை சொல்லு.

"என் தப்புதான் அங்கிள்"னா சொல்றே?

அவனும் இப்படித்தான் சொன்னான். இதே மாதிரி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. குரல்கூட...

ஏம்மா அழறே? ஐயோ. பெரிசா திட்டிட்டேனா? தாளம் தப்பினதுக்கெல்லாம் யாராவது இப்படி அழுவாங்களா? எல்லாருக்கும் தப்பறதுதான். ஹெப்சி இருந்தா என்னைக் கொன்னிருப்பா, வந்த பொண்ணை அழ வச்சிட்டீங்களான்னு. இந்தா, இந்தத் துண்டால தொடைச்சுக்கோ. தோச்சதுதான்.

சரி. சரிம்மா. நீ ஒத்துக்கிட்டே இல்ல? அவன் சார்பா ஒத்துக்கிட்ட மாதிரி வச்சிக்கறேன். எனக்கு அது போதும். நேர்ல கேட்டாத்தான் வருவேன்னு இல்ல. மனசுல ஒண்ணும் கிடையாது. எப்பவும் கிடையாது, அதான் சொல்றேனே, ஒண்ணும் தோணறதில்லன்னு. இந்த நெஞ்சு மட்டும் ஏன் இப்படி அடிச்சுக்குதுன்னு தெரியல, மாடி ஏறின மாதிரி. பழைய பாட்டை வாசிச்சது ஒத்துக்கல போல.

அந்த வயரைச் சுத்தி எடு. கீபோர்டை இப்படிப் பிடிச்சுக்கோ, கனம் இல்ல. ஆட்டோல குறுக்க வச்சிக்கலாம். இப்பவேதான், வேற எப்ப? நீதானே கூப்பிட்டே? கட்டில் எப்படி இருக்கு, அவன் எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்கான்? கீபோர்டை அவனுக்கு எதிர்ல வைக்கணும், சொல்லிட்டேன், பக்கத்துல வைக்கக்கூடாது. என் கை தெரியற மாதிரி வை. இல்லன்னா சண்டை போடுவான்.

போறதுக்கு முன்னாடி வீட்ல யாருக்காவது போன் பண்ணு. அங்கிள் வராருன்னு அவன் காதுல சொல்லச் சொல்லு. ஏழு தட்டச் சொல்லு, இந்தத் தடவையாவது. சும்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லு. எனக்காக யாரும் காத்துக்கிட்டிருக்க வேண்டியதே இல்ல. நான் எப்பவும் கரெக்டா வந்துடுவேன்.